பதின்மூன்றாம் அகவைத் தூரிகை: முகலாய ஓவியர் அபுல் ஹசன்

முன்னுரை

எல்லாம் வல்ல இறைவன் மாந்தர்க்கு அருளிய கொடைகளுள் கலைத்திறமும் ஒன்று. அக்கொடை மாளிகையில் பிறந்த பிள்ளைக்கு மிகுத்தும் குடிசையில் பிறந்த பிள்ளைக்குக் குறைத்தும் வழங்கப்படுவதில்லை. ஆயினும் இளம் பருவத்திலேயே ஒளிவீசிய கலைஞர் என வரலாறு குறித்து வைத்திருக்கும் பெயர்கள் மிகச் சிலவே. கொடை பெற்றோர் பலராக இருக்க, கண்டறியப் பெற்றோர் சிலராக இருப்பதற்குக் காரணம் யாது? இவ்வினாவிற்கு விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இம்முயற்சிக்கு நாம் எடுத்துக்கொண்ட சான்று, பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் முகலாய அரசவையில் பிறந்து, பன்னிரண்டு ஆண்டுகள் நிறைந்த அகவையிலேயே தன் பெயர் பொறித்த ஓவியத்தை உலகிற்கு விட்டுச் சென்ற அபுல் ஹசன் என்னும் ஓவியரின் வாழ்வு ஆகும். அவர்தம் வாழ்வோடு, அவருக்கு ஒரு தலைமுறை முன்பு வாழ்ந்த தஸ்வந்த் என்னும் ஏழைப் பிள்ளையின் வாழ்வையும் ஒப்பிட்டு நோக்குவோம். விருதுநகர், சிவகாசி, சாத்தூர் வட்டாரத்தில் வாழும் நமக்கு இவ்வொப்பீடு வெறும் பழங்கதை அன்று என்பது இறுதியில் விளங்கும்.

தமிழ் மரபில் ஓவியமும் இளமையும்

ஓவியக்கலை தமிழர்க்குப் புதியதன்று. மதுரைக்காஞ்சி ஓவியரைக் 'கண்ணுள் வினைஞர்' என்று சுட்டுகிறது. காண்போர் கண்ணுக்குள்ளே தம் தொழிலை நிறுத்துவோர் என்பது அதன் கருத்து. பாண்டியன் ஒருவன் சித்திரமாடத்துத் துஞ்சிய நன்மாறன் என்றே பெயர் பெற்றான். புதுக்கோட்டைக்கு அருகில் உள்ள சித்தன்னவாசல் குகையின் தாமரைத் தடாகம் இன்றளவும் நம்மை வியக்க வைக்கிறது.

இளமையில் முதிர்ந்த புலமையும் நமக்குப் புதியதன்று. ஞானசம்பந்தர் மூன்று அகவையில் பாடினார் என்பது சைவ மரபு. சாத்தூருக்குத் தெற்கே, நமக்கு அண்மையில் உள்ள எட்டயபுரத்து அவையில், சீறாப்புராணம் தந்த உமறுப்புலவர் பதினாறு அகவையில் வாதில் வென்று அவைப்புலவர் ஆனார் என்று வழிவழியாகக் கூறுவர். அதே ஊரில் பதினோரு அகவைச் சிறுவராகப் 'பாரதி' என்னும் பட்டம் பெற்றவரை நாடறியும்.

இம்மூவரும் சொல்லால் வென்றவர்கள் என்பதை நாம் கருத வேண்டும். பாடியவர் பெயரைத் தமிழ் காத்தது. ஆனால் சித்தன்னவாசலில் தாமரை வரைந்த கைகளின் பெயர் நிற்கவில்லை. அக்கைகள் எந்த அகவையில் தூரிகை பிடிக்கத் தொடங்கின என்பதைச் சொல்ல ஏடும் இல்லை, கல்வெட்டும் இல்லை. ஆதலின், பெயரோடும் ஆண்டோடும் ஓர் இளம் ஓவியரைக் காண விரும்பினால் நாம் முகலாயர் காலத்திற்குச் செல்ல வேண்டியுள்ளது.

பிறப்பும் சூழலும்

அபுல் ஹசனின் தந்தையார் ஆகா ரிஸா. ஹிராத் நகர மரபில் வந்த பாரசீக ஓவியர். இந்தியாவிற்கு வந்து, அக்பரின் மைந்தர் இளவரசர் சலீமின் பணியில் அமர்ந்தார். இச்சலீமே பின்னாளில் ஜஹாங்கீர் என்னும் பெயரோடு அரியணை ஏறியவர். தந்தை பணியில் இருந்த காலத்தில் ஹிஜ்ரி 997 அளவில், அதாவது கி.பி. 1588-89இல், அபுல் ஹசன் பிறந்தார். அரச இல்லத்தில் பிறந்து வளர்ந்தோரைக் 'கானாஸாத்' என்று அழைப்பது அக்கால வழக்கம். அபுல் ஹசனும் அவ்வாறே வளர்ந்தார்.

அக்காலத்து ஓவியச்சாலையைப் பற்றிச் சிறிது அறிதல் வேண்டும். நூல்களை எழுதி, ஓவியம் தீட்டி, பொன்பூசி, கட்டமைக்கும் இடம் 'கிதாப்கானா' எனப்பட்டது. அங்கே பயில வரும் சிறுவன் முதல் நாளே வண்ணம் தீட்டுவதில்லை. கல்லிலும் மண்ணிலும் கிடைத்த வண்ணப் பொருள்களை அரைக்க வேண்டும். பிசின் கலக்க வேண்டும். வழுவழுப்பான கல்லால் தாளைத் தேய்த்து மெருகேற்ற வேண்டும். அணில் மயிரைத் தேர்ந்து மெல்லிய தூரிகை கட்டப் பழக வேண்டும். அதன் பின்னரே மூத்தோர் வரைந்தவற்றைப் பார்த்துக் கோடு போடப் பயில்வான். ஓவியத்திற்குக் கைப்பழக்கமே வேர் என்று ஔவையார் பெயரால் வழங்கும் தனிப்பாடல் சொல்லும் உண்மையே அங்கும் நெறியாக இருந்தது.

அக்பரின் அவையில் வாரந்தோறும் ஓவியர்களின் பணிகள் அரசர் முன் வைக்கப்பட்டன என்றும், திறத்திற்கேற்பப் பரிசும் ஊதிய உயர்வும் வழங்கப்பட்டன என்றும் அபுல் ஃபஸல் தம் ஆயினே அக்பரியில் குறிப்பிடுகிறார். நாட்டை ஆள்பவரே வாரம் ஒருமுறை அமர்ந்து பார்க்கும் தொழிலாக ஓவியம் இருந்தது என்பது நாம் மனங்கொள்ளத் தக்க செய்தி.

கடல் கடந்து வந்த படம்

1580ஆம் ஆண்டில், அக்பரின் அழைப்பை ஏற்றுக் கோவாவிலிருந்து இயேசு சபைத் துறவியர் ஃபத்தேபூர் சிக்ரிக்கு வந்தனர். ஆண்ட்வெர்ப் நகரில் அச்சான பன்மொழி விவிலியத்தின் தொகுதிகளை அவர்கள் அரசர்க்கு அளித்தனர். அப்போதும் அதன் பின்னரும் ஐரோப்பியச் செப்புத்தகட்டு அச்சுப்படங்கள் முகலாய அவைக்கு வந்து சேர்ந்தன. அவற்றை முகலாய ஓவியர்கள் ஆர்வத்தோடு ஆராய்ந்தனர்.

அவ்வாறு வந்தவற்றுள் ஜெர்மானிய ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரரின் படமும் ஒன்று. 1511ஆம் ஆண்டு பொறித்த செப்புத்தகட்டு ஓவியம் அது. சிலுவைக் காட்சியைக் காட்டும் அப்படத்தில், ஓரமாக நின்று கைகளைக் கோத்துத் துயருறும் சீடர் யோவானின் உருவம் உண்டு. சிறுவர் அபுல் ஹசன் முழுக் காட்சியையும் எடுத்துக்கொள்ளவில்லை. அந்த ஒரு சீடரின் உருவத்தை மட்டும் தனியே பிரித்தெடுத்து வரைந்தார். ஈசா நபியின் சீடர்களாகிய ஹவாரிய்யூன்களைத் திருக்குர்ஆன் சிறப்பித்துக் கூறுவதை நாம் அறிவோம்.

உள்ளங்கைக்குள் அடங்கத்தக்க அச்சிறு ஓவியம் இன்று இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டு நகரின் அஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் உள்ளது. ஹிஜ்ரி 1009, அதாவது கி.பி. 1600-01 என்னும் காலமும், ரிஸாவின் மகன் அபுல் ஹசன் என்னும் பெயரும், வரைந்தபோது அவர் தம் பதின்மூன்றாம் அகவையில் இருந்தார் என்னும் குறிப்பும் அதனோடு இணைந்துள்ளன.

அவ்வோவியத்தின் அருமை எதில் உள்ளது? டியூரர் பயன்படுத்தியது செப்புத்தகட்டைக் கீறும் உளி. சிறுவர் பயன்படுத்தியது மயிர்த்தூரிகை. உளி தந்த கூர்மையான கீற்றுகளைத் தூரிகையின் மென்மையான நிழலாக மாற்ற வேண்டும். ஆடை மடிப்பின் கனம் குறையக்கூடாது. கோத்த கைகளின் இறுக்கம் தளரக்கூடாது. முகத்தின் துயரம் மறையக்கூடாது. இவ்வளவையும் பன்னிரண்டு ஆண்டுகள் நிறைந்த ஒரு பிள்ளையின் கை செய்து முடித்தது. பார்த்து வரைந்த படம் என்று அதனை எளிதாகத் தள்ளிவிட இயலாது. மொழிபெயர்ப்பாளன் மூலத்தைத் தன் மொழியில் மீண்டும் பிறப்பிப்பது போன்ற செயல் அது.

இங்கே வரலாற்றின் வியத்தகு ஒற்றுமை ஒன்றையும் சுட்ட வேண்டும். டியூரரும் இளமையில் ஒளிர்ந்தவரே. 1471இல் நியூரம்பெர்க் நகரில் ஒரு பொற்கொல்லரின் மகனாகப் பிறந்த அவர், 1484ஆம் ஆண்டில், பதின்மூன்று அகவை அளவில், கண்ணாடியில் தம் முகத்தைப் பார்த்துத் தாமே வரைந்துகொண்டார். அவ்வோவியம் வியன்னா நகரின் அல்பெர்டினா அருங்காட்சியகத்தில் உள்ளது. தாம் சிறுபிள்ளையாக இருந்தபோது வரைந்தது என்று பிற்காலத்தில் அவரே அதன்மேல் எழுதி வைத்தார். பதின்மூன்று அகவைப் பிள்ளையாக ஓவியம் தொடங்கிய ஒருவரின் படத்தை, நூறு ஆண்டுகளுக்கும் மேல் கழித்து, வேறொரு கண்டத்தில், வேறொரு சமயத்தைச் சார்ந்த, அதே அகவைப் பிள்ளை ஒருவர் எடுத்து வரைந்திருக்கிறார். இருவரும் கைவினைஞர்களின் மக்கள். இருவருக்கும் முதல் ஆசிரியர் தந்தையே.

ஓர் ஐயமும் விளக்கமும்

இஸ்லாமிய நிறுவனம் ஒன்றின் மலரில் உருவ ஓவியரைப் பற்றி எழுதலாமா என்னும் ஐயம் சிலர்க்கு எழலாம். உயிருள்ளவற்றின் உருவத்தை வரைவது குறித்து மார்க்க அறிஞரிடையே நெடுங்காலமாகக் கருத்து வேறுபாடுகள் உண்டு. அவ்வாய்வு ஆலிம் பெருமக்களுக்கு உரியது. நாம் இங்கே செய்வது தீர்ப்பன்று, வரலாற்று ஆய்வு.

பள்ளிவாசல்களிலும் திருக்குர்ஆன் படிகளிலும் உருவங்கள் இடம்பெறுவதில்லை. அங்கே எழுத்தணியும், பூங்கொடிப் பின்னலும், வடிவக் கணித அழகுமே கலையாக மலர்ந்தன. கீழக்கரைப் பழைய பள்ளிவாசலின் கற்றூண்களைக் கண்டோர், தமிழ்ச் சிற்பியின் உளி உருவங்களை விடுத்துப் பூக்களைச் செதுக்கி நிற்கும் நேர்த்தியை அறிவர். முகலாய அவையிலும் எழுத்தணிக் கலைஞர்க்கே முதலிடம் தரப்பட்டது. காஷ்மீரைச் சேர்ந்த முகம்மது ஹுசைன் என்பார் 'ஸர்ரீன் கலம்', அதாவது 'பொன் எழுதுகோல்', என்னும் பட்டம் பெற்றார். ஒரு பிள்ளையின் கைத்திறம் எழுத்தணியாகவோ, கட்டட வரைபடமாகவோ, துணியின் பூவேலையாகவோ மலரலாம். திறம் ஒன்றே, துறைகள் பல.

ஓவியன் உயிருள்ள ஒன்றை உறுப்புறுப்பாக வரைந்து முடித்தும் அதற்கு உயிர் தர இயலாமையை உணர்கிறான், அதனால் உயிர் தந்த இறைவனை நினைக்கும் நிலைக்கு வருகிறான் என்னும் கருத்தை அக்பர் கூறியதாக அபுல் ஃபஸல் எழுதியுள்ளார். ஏற்போர் ஏற்கலாம், மறுப்போர் மறுக்கலாம். கலைஞனின் இயலாமையே அவனுக்குப் பணிவைக் கற்பிக்கிறது என்னும் பகுதி மட்டும் யாவர்க்கும் பொதுவானது.

வளர்ச்சியும் பெருமையும்

இளமையில் ஒளிர்ந்து பின்னர் மங்கியோர் பலர். அபுல் ஹசன் அவ்வாறு மங்கவில்லை. 'அன்வாரெ சுஹைலி' என்னும் நூலின் ஓவியப்படியில், தந்தையின் ஓவியங்களோடு மகனின் ஓவியங்களும் இடம்பெற்றன. பஞ்சதந்திரக் கதைகளின் பாரசீக வடிவமே அந்நூல் என்பது தமிழ் மாணவர்க்கு ஆர்வம் தரும் செய்தி. இந்திய மண்ணில் பிறந்த கதை, அரபு நாட்டையும் பாரசீகத்தையும் சுற்றிவந்து, மீண்டும் இந்தியாவில் ஓவியம் பெற்றது.

இலண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ள 'சினார் மரத்து அணில்கள்' என்னும் ஓவியம் பொதுவாக இவருடையது எனக் கருதப்படுகிறது. இந்தியாவில் இயற்கையாக வாழாத செவ்வணில்கள் மரமெங்கும் தாவ, கீழே ஒரு மனிதர் மரமேற முயல்கிறார். அணில் மயிரால் கட்டிய தூரிகை கொண்டே அணிலை உயிர்ப்போடு வரைந்த கை அது. ஜஹாங்கீரும் பாரசீக மன்னர் ஷா அப்பாஸும் தழுவி நிற்கும் ஓவியம் அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் உள்ளது. அவ்விரு மன்னரும் வாழ்நாளில் ஒருவரையொருவர் நேரில் கண்டதில்லை. அரசியல் விருப்பத்தையும் கனவையும் ஓவியமாக்கும் ஆற்றல் அபுல் ஹசனிடம் இருந்தது.

1618ஆம் ஆண்டில், ஜஹாங்கீர் அரியணை ஏறிய காட்சியை வரைந்து, மன்னரின் வாழ்க்கைக் குறிப்பு நூலுக்கு முகப்போவியமாக அளித்தார் அபுல் ஹசன். மகிழ்ந்த மன்னர் அவருக்கு 'நாதிருஸ் ஸமான்', அதாவது 'காலத்தின் அரும்பொருள்', என்னும் பட்டம் வழங்கினார். தந்தையின் பணியை மகனின் பணியோடு ஒப்பிடவே இயலாது என்றும், இளம் பருவம் முதல் தாமே கருத்தோடு வளர்த்ததன் பயன் இது என்றும் பொருள்பட மன்னர் தம் நூலில் எழுதினார். அப்போது ஓவியர்க்கு அகவை முப்பதை ஒட்டியிருந்தது. பதின்மூன்றாம் அகவையின் ஓவியத்திற்கும் இப்பட்டத்திற்கும் இடையே ஏறத்தாழப் பதினெட்டு ஆண்டு உழைப்பு உள்ளது. இளமேதை என்று வியக்கும் நாம் இந்தப் பதினெட்டு ஆண்டுகளை மறந்துவிடல் ஆகாது.

ஜஹாங்கீரின் கலைக்கண்ணும் கூர்மையானது. ஒரே முகத்தில் கண்ணை ஒருவரும் புருவத்தை வேறொருவரும் வரைந்திருந்தாலும் யார் எதை வரைந்தார் எனத் தம்மால் கூற இயலும் என அவர் பெருமிதம் கொண்டார். இங்கிலாந்துத் தூதர் தாமஸ் ரோ, 1616இல், தாம் கொணர்ந்த சிற்றோவியம் ஒன்றை மன்னர்க்குக் காட்டினார். மன்னரின் ஓவியர் அதைப் போலவே பல படிகள் வரைந்து முன்வைக்க, விளக்கொளியில் தம் மூலத்தைத் தாமே கண்டறியத் தூதர் தடுமாறினார். அதனைத் தூதரே எழுதி வைத்துள்ளார். அறிந்து பாராட்டும் கண் அவ்வளவு அருகில் இருந்தமையால்தான் அபுல் ஹசனின் கை தளராமல் வளர்ந்தது.

பல்லக்குச் சுமந்தவர் மகன்

இனி மற்றொரு வாழ்வைக் காண்போம். அக்பர் காலத்தில் வாழ்ந்த தஸ்வந்த் என்பார் பல்லக்குச் சுமக்கும் குடியில் பிறந்தவர். தந்தை ஓவியர் அல்லர். வீட்டில் வண்ணமோ தாளோ இல்லை. ஆயினும் வரையும் வேட்கை அப்பிள்ளையை விடவில்லை. கண்ட சுவர்களில் எல்லாம் உருவம் எழுதினார். ஒருநாள் அக்பரின் பார்வை அவர் மீது விழுந்தது. சுவரைக் கெடுத்தான் என்று தண்டிக்கத் தோன்றாமல், அப்பிள்ளையைத் தம் தலைமை ஓவியர் குவாஜா அப்துஸ் ஸமதிடம் மாணவராகச் சேர்ப்பித்தார் மன்னர். சிறிது காலத்திலேயே தஸ்வந்த் ஈடிணையற்ற ஓவியர் ஆனார் என அபுல் ஃபஸல் புகழ்கிறார். மகாபாரதத்தின் பாரசீக மொழிபெயர்ப்பாகிய 'ரஸ்ம்நாமா' நூலின் சிறந்த ஓவியங்கள் பலவற்றிற்கு வடிவமைப்புச் செய்தவர் அவரே.

ஆனால் முடிவு துயரமானது. உள்ளத்தின் நோய் அவரைப் பற்றியது. 1584இல் அவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். திறத்தைக் கண்டறிய ஒரு கண் இருந்தது, கற்பிக்க ஓர் ஆசிரியர் இருந்தார், பணியும் புகழும் இருந்தன. உள்ளத்தின் துயரை ஆற்றும் வழியை மட்டும் அக்காலம் அறிந்திருக்கவில்லை. கலைத்திறம் மிக்க பிள்ளைகளின் மனநலத்தைப் பேணுவதும் கல்வியின் பகுதியே என்பதை அவர்தம் வாழ்வு நமக்கு உணர்த்துகிறது.

ஒப்பீடு தரும் உண்மைகள்

இவ்விருவர் வாழ்வையும் அருகருகே வைத்து நோக்கினால், இளமேதை ஒருவர் மலர்வதற்கு நான்கு துணைகள் தேவை என்பது புலப்படும்.

முதலாவது, இயற்கையின் கொடை. இருவரும் இதனை நிறையப் பெற்றிருந்தனர்.

இரண்டாவது, பயிற்சி. அபுல் ஹசனுக்குத் தந்தையும், தஸ்வந்துக்கு அப்துஸ் ஸமதும் இதனை அளித்தனர்.

மூன்றாவது, முன்மாதிரி. ஒரு நல்ல படத்தைக் கண்ணால் காணாத பிள்ளைக்கு அதனினும் சிறந்த படத்தை எண்ணிப் பார்ப்பது அரிது. டியூரரின் சிறு அச்சுப்படம் கடல் கடந்து வந்திராவிடில் அபுல் ஹசனின் முதல் ஓவியம் பிறந்திராது.

நான்காவது, பொறுமையோடு பார்க்கும் பெரியவரின் கண். சுவரில் கிறுக்கும் பிள்ளையைக் கண்டு பிரம்பைத் தேடாமல் ஆசிரியரைத் தேடும் கண் அது.

இந்நான்கனுள் முதலாவது மட்டுமே இறைவனின் செயல். மற்ற மூன்றும் மனிதர் கடமை. முதலாவதைப் பற்றி நாம் பெருமை பேசுகிறோம், மற்ற மூன்றிலும் தவறிவிடுகிறோம். இளமேதைகள் அருகியிருப்பதற்குக் காரணம் இதுவே என்பது நம் முடிபு.

நம் மண்ணும் நம் பிள்ளைகளும்

இப்போது நம் மண்ணிற்கு வருவோம். மழை பொய்க்கும் இக்கரிசல் நிலத்தில், 1920களின் தொடக்கத்தில் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுவந்த முன்னோடிகளால் சிவகாசியில் தொழில் வேரூன்றியது. தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும். லேபிளுக்கு அச்சகம் வேண்டும். அச்சகத்திற்கு ஓவியர் வேண்டும். இவ்வாறு வெடியும் தீக்குச்சியும் ஓவியத்தை இவ்வூருக்கு அழைத்து வந்தன. புலியும் மயிலும் ரோஜாவும் தாங்கிய லேபிள்களே இவ்வட்டாரத்துப் பல பிள்ளைகள் கையில் ஏந்திய முதல் வண்ணப்படங்கள்.

அண்மையில் உள்ள கோவில்பட்டியில் வாழ்ந்த ஓவியர் சி. கொண்டையராஜு (1898-1976) நாடகத் திரைச்சீலை எழுதத் தொடங்கி, காலண்டர் ஓவியத்தில் ஒரு மரபையே உருவாக்கினார். அவரிடம் பயின்ற மாணவர்களின் படங்களும் சிவகாசி அச்சகங்களின் வழியே தென்னாட்டு வீடுகளின் சுவர்களை அடைந்தன. முகலாயக் கிதாப்கானாவைப் போன்ற குருகுலம் ஒன்று நம் அண்டை ஊரிலேயே இருந்திருக்கிறது.

ஆனால் அதே காலத்தில் இம்மண்ணின் பல்லாயிரம் பிள்ளைகளின் கைகள் வேறு வேலையில் இருந்தன. விடியுமுன் வந்து நிற்கும் பேருந்தில் ஏறி, குச்சி அடுக்கவும், பெட்டி ஒட்டவும், லேபிள் ஒட்டவும் அவர்கள் சென்றனர். பிள்ளைகளின் விரல் மெல்லியது, வேகமானது, ஆகவே இத்தொழிலுக்கு ஏற்றது என்று அன்று வாதிட்டோரும் உண்டு. மெல்லிய விரலும் வேகமும் தூரிகைக்கும் ஏற்றவையே என்று அன்று சொல்வார் இல்லை.

இவ்விடத்தில் ஒரு வேறுபாட்டைத் தெளிவாக்க வேண்டும். அபுல் ஹசனும் சிறு அகவையிலேயே வேலை செய்தவர்தாமே, அதற்கும் இதற்கும் வேற்றுமை என்ன என்று மாணவர் வினவலாம். வேற்றுமை பெரிது. ஓவியச்சாலையில் பிள்ளை செய்த வேலை ஆண்டுதோறும் மாறியது. அரைத்தவன் கலந்தான், கலந்தவன் வரைந்தான், வரைந்தவன் தன் பெயரைப் பொறித்தான். தொழிற்கூடத்தில் முதல் நாள் செய்த வேலையே பத்தாம் ஆண்டிலும் தொடர்ந்தது. முன்னதில் வேலை பிள்ளையை வளர்த்தது. பின்னதில் பிள்ளை வேலைக்குத் தேய்ந்தது. முன்னது பயிற்சி. பின்னது பிழிவு.

இந்நிலை மாறப் பலரும் உழைத்தனர். இதே விருதுநகரில் 1903இல் பிறந்து, பள்ளிப் படிப்பை இளமையிலேயே விட்டுக் கடையில் வேலைக்குச் செல்ல நேர்ந்த காமராசர், முதலமைச்சரான பின் ஊர்தோறும் பள்ளி திறந்து மதிய உணவும் அளித்தார். 1986இல் குழந்தைத் தொழிலாளர் தடுப்பு மற்றும் ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. 1996 டிசம்பரில், சிவகாசிச் சிறுவர் தொழிலாளர் குறித்துத் தொடரப்பட்ட வழக்கில், அபாயத் தொழிலில் சிறுவரை அமர்த்தும் முதலாளி ஒவ்வொரு பிள்ளைக்கும் 20,000 ரூபாய் நல நிதிக்குச் செலுத்த வேண்டும் என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2009இல் கல்வி உரிமைச் சட்டம் இயற்றப்பட்டது. 2016இல் பதினான்கு அகவை நிரம்பாதோரைத் தொழிலில் அமர்த்துவது, சில விலக்குகள் நீங்கலாக, முற்றிலும் தடை செய்யப்பட்டது.

சட்டம் அக்கைகளை விடுவித்தது. விடுவித்த கைகளில் நாம் எதனைக் கொடுத்தோம் என்பதே இன்று நம் முன் நிற்கும் வினா. பாடப்புத்தகம் கொடுத்தோம், நன்று. ஆனால் ஓவிய வகுப்பு நேரத்தைக் கணக்கிற்கும் அறிவியலுக்கும் எடுத்துக்கொள்ளும் வழக்கம் நம்மிடையே உண்டு. மதிப்பெண் தராத திறம் திறமே அன்று என்று பிள்ளைக்கு நாமே கற்பிக்கிறோம். நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் படம் வரைந்தமைக்காக அடி வாங்கிய பிள்ளை இல்லாத வகுப்பு எது?

நாம் செய்யத்தக்கவை

சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும் என்பது பழமொழி. சுவராக நிற்க வேண்டியவர்கள் நாமே.

ஆசிரியப் பெருமக்கள் தம் வகுப்பில் உள்ள பிள்ளைகளின் கடைசிப் பக்கங்களை ஒருமுறை கடிந்துகொள்ளாமல் பார்க்க வேண்டும். ஆண்டில் ஒரு நாளேனும் அப்பக்கங்களைச் சுவரில் ஒட்டிப் பெற்றோரை அழைக்க வேண்டும்.

சமுதாயப் பெரியவர்கள் கல்வி உதவி வழங்கும்போது பொறியியல், மருத்துவம் ஆகியவற்றோடு நின்றுவிடாமல், கவின்கலைக் கல்லூரியில் சேர விரும்பும் பிள்ளையையும் கருத வேண்டும். எழுத்தணிக் கலையை நம் மதரஸாக்களில் கற்பிக்க ஏற்பாடு செய்தால், மார்க்கத்திற்கும் கலைக்கும் ஒருங்கே தொண்டு செய்தவர்கள் ஆவோம்.

மாணவர்கள் தம்மைச் சூழ்ந்துள்ளவற்றை முன்மாதிரியாகக் கொள்ளலாம். பழைய தீப்பெட்டி லேபிள்களும், காலண்டர்களும், பள்ளிவாசல் தூண்களின் பூவேலையும், கோயில் கோபுரத்துச் சுதையும் நம்மைச் சுற்றியே உள்ளன. அவற்றைத் தொகுத்தும் ஆராய்ந்தும் எழுத இத்துறை மாணவர் முன்வரின், வரலாற்றில் பெயர் இழந்த நம் ஊர் ஓவியர் சிலரின் பெயரையேனும் மீட்கலாம்.

நிறைவுரை

1628இல் ஷாஜஹான் அரியணை ஏறிய காலத்தில் அவர்தம் உருவத்தை அபுல் ஹசன் வரைந்தார். அதற்குப் பின் அவர் கைவண்ணம் என உறுதியாகச் சொல்லத்தக்கவை மிக அரியன. பேரரசும் மறைந்தது, ஓவியச்சாலையும் கலைந்தது. ஆனால் பதின்மூன்றாம் அகவையில் ஒரு பிள்ளை தன் பெயரையும் தந்தையின் பெயரையும் பொறித்து வைத்த சிறு தாள் நானூறு ஆண்டுகளைக் கடந்து நிற்கிறது.

அப்பிள்ளைக்குத் தன் பெயரை எழுதும் உரிமையும், எழுதத்தக்க ஒரு பணியும் கிடைத்தன. தீப்பெட்டி லேபிள்களைக் கோடிக்கணக்கில் ஒட்டிய நம் மண்ணின் பிள்ளைகளின் பெயர் எந்த லேபிளிலும் இல்லை. அவர்களுள் எத்தனை அபுல் ஹசன்கள் இருந்தனர் என்பதை இறைவனே அறிவான். இனி வரும் பிள்ளைகள் செய்து முடிக்கும் பணியின் அடியில் அவர்தம் பெயரும் இருக்குமாறு செய்வது நம் கையில் உள்ளது. வல்ல இறைவன் அதற்குத் துணைநிற்பானாக.